சொந்த மைதான ஆட்டத்திற்கு இரண்டு டிக்கெட்: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நான் உறுப்பினராக உள்ள இங்கிலாந்துக் கால்பந்துக் கழகத்தின் ஆட்டம் ஒன்றை, அதன் சொந்த மைதானத்திலேயே, அப்பாவுடன் அருகருகே அமர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இந்தப் பருவத்தில் மூன்று முறை முயன்றும் டிக்கெட் கிடைக்கவில்லை. கடைசி முறை இணைய வரிசையில் இரண்டு மணி நேரம் காத்திருந்து, வரைபடத்தில் நீல நிறத்தில் தெரிந்த இரு இருக்கைகளைத் தொட்டேன். பணம் செலுத்தும் பக்கம் திறப்பதற்குள் அவை சாம்பல் நிறமாகிவிட்டன. பக்கத்தில் இருந்த அப்பா, "பரவாயில்லை, அடுத்த முறை பார்க்கலாம்" என்றார்.

மைதானத்தின் கொள்ளளவு பெரிதாகத் தோன்றினாலும், சீசன் டிக்கெட் (பருவம் முழுவதற்குமான டிக்கெட்) வைத்திருப்போருக்கும் எதிரணி ரசிகர்களுக்கும் (இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கில் பொதுவாக 3,000 வரை) ஒதுக்கியது போக எஞ்சுவது சொற்பமே. மைதானத்தைப் பெரிதாக்கினாலும் இது தீர்வதில்லை: ஏறத்தாழ 38,000 பேர் அமரும் ஹைபரியிலிருந்து 60,000-க்கும் மேற்பட்டோர் அமரும் எமிரேட்ஸ் மைதானத்துக்கு ஆர்சனல் கழகம் 2006-இல் மாறிய பிறகும், அங்கே சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமாகவே இருக்கிறது.

வர இயலாதவர்கள் திருப்பித் தருவதைக் கழகமே விற்கும் அதிகாரப்பூர்வ மறுவிற்பனையில் டிக்கெட்டுகள் பெரும்பாலும் எப்போது வருகின்றன, ஆட்டத்திற்கு முந்தைய நாளா, அன்று காலையா? சேர்ந்தாற்போல் இரண்டு இருக்கைகள் கிடைத்தவர்கள் உண்டா? கோப்பைப் போட்டிகளின் தொடக்கச் சுற்றுகளில் முயல்வது எளிதா? அனுமதியில்லாமல் டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது இங்கிலாந்தில் 1994 முதல் குற்றம் என்பதால், கள்ளச்சந்தை வழிகளைத் தயவுசெய்து பரிந்துரைக்க வேண்டாம். அப்பாவுக்கு முழங்கால் வலி இருப்பதால், அதிகம் படியேறத் தேவையில்லாத பகுதிகளைப் பற்றியும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.