தங்கையின் ஓ.சி.டி.: மருத்துவ உளவியலாளரின் படிப்பையும் சிகிச்சை முறையையும் எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி: பொருநைக்கரை, பாளையங்கோட்டை

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்கு வயது 24. மூன்று ஆண்டுகளுக்கு முன் கை கழுவுவதில் தொடங்கிய பழக்கம் இன்று வீட்டையே ஆட்டிவைக்கிறது. பேருந்தில் போய்விட்டு வந்தால் குளியலறைக்குள் நுழைந்தவள் வெளியே வர இரண்டு மணி நேரம் ஆகிறது. விரலிடுக்குகளில் தோல் வெடித்துவிட்டது. கழுவி முடித்த பிறகும் “அம்மா, சுத்தமாயிற்றா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மனநல மருத்துவர் இதனை ஓ.சி.டி., அதாவது எண்ணச் சுழற்சி நோய் என்று சொல்லி, செர்ட்ராலின் மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு, மருத்துவ உளவியலாளர் ஒருவரிடமும் எங்களை அனுப்பினார்.

அந்த உளவியலாளரின் அறை வாசலில் எம்.எஸ்சி. உளவியல், எம்.ஃபில். மருத்துவ உளவியல், ஆர்.சி.ஐ. பதிவு எண், கீழே சி.பி.டி., ஈ.ஆர்.பி. என்று எழுதியிருந்தது. எங்களுக்கு எதுவும் விளங்கவில்லை. முதல் இரண்டு சந்திப்புகளில் கேள்விகளாகவே கேட்டார். மூன்றாவது முறை, அறைக் கதவின் கைப்பிடியைத் தொடச் சொல்லி, ஒரு மணி நேரம் கை கழுவக் கூடாது என்றார். தங்கை நடுங்கிப்போனாள், என் அம்மா அழுதுகொண்டே எழுந்து வெளியே வந்துவிட்டார். தங்கை தனியாக என்ன சொன்னாள் என்று நான் கேட்டதற்கு, அவளுடைய அனுமதியின்றிச் சொல்ல இயலாது என்றும் மறுத்துவிட்டார். இவர் முறையாகப் படித்தவர்தானா, இது உண்மையிலேயே சிகிச்சைதானா என்று தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: வைகை வாசகி, மதுரை

ஐயா, நான் மருத்துவ உளவியலாளர். பல ஆண்டுகளாக மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் பணியாற்றுகிறேன். உங்கள் தங்கையை நான் பார்த்ததில்லை என்பதால் பொதுவாகவே பேச முடியும்.

படிப்பைப் பற்றிய ஐயம் எளிதில் தீரக்கூடியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளர் என்பவர் யார் என்று வரையறுத்திருக்கிறது: இந்திய மறுவாழ்வுக் கழகம், அதாவது நாம் ஆர்.சி.ஐ. என்று சொல்லும் அமைப்பு, ஏற்றுக்கொண்ட தகுதி இருக்க வேண்டும். அல்லது உளவியல் முதுகலைக்குப் பிறகு, மேற்பார்வையுடன் கூடிய நோயாளர் பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். முடித்திருக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளில் மாணவர் மனநல வார்டில் நோயாளிகளோடு இருந்து, மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பில் மதிப்பீடு செய்யவும் சிகிச்சை அளிக்கவும் கற்கிறார். தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு எம்.ஃபில். என்ற பட்டமே மறைந்துவருவதால், இனி வருபவர்களிடம் சை.டி. (உளவியலில் முனைவர் பட்டம்) போன்ற வேறு பட்டங்களைக் காணலாம்.

பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். “ஆர்.சி.ஐ. பதிவு பெற்றவர்” என்பது மட்டும் போதாது. சிறப்பாசிரியரும் பேச்சுப் பயிற்சியாளரும் செவித்திறன் வல்லுநரும் அதே கழகத்தில்தான் பதிவு செய்கிறார்கள். எந்தப் பிரிவின் கீழ் பதிவு இருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும். கழகத்தின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம், அவரிடமே நேராகவும் கேட்கலாம். முறையாகப் படித்தவர் அந்தக் கேள்வியால் புண்பட மாட்டார்.

இனி, உங்கள் அம்மாவை அழவைத்த அந்தக் கைப்பிடிக்கு வருகிறேன். சி.பி.டி. என்பது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சை. அதில் ஒரு வகையான ஈ.ஆர்.பி. என்பது, அஞ்சுகிற பொருளையோ எண்ணத்தையோ எதிர்கொண்டுவிட்டு, வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழகுவது. 1966இல் லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் இரண்டு நோயாளிகளை இம்முறையில் நடத்தியதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அமெரிக்காவில் எட்னா ஃபோவாவும் அவருடன் பணியாற்றியவர்களும் இதனைப் பின்னர் விரிவாக ஆராய்ந்து செப்பனிட்டார்கள். இன்று ஓ.சி.டி.க்கு வலுவான சான்றுகள் உள்ள உளவியல் சிகிச்சை இதுதான். “நல்லதையே நினை” என்னும் அறிவுரையோ, கடந்த காலத்தைப் பற்றிய நீண்ட உரையாடலோ கழுவும் கையை நிறுத்துவதில்லை.

இந்த நோய் எப்படி வளர்கிறது என்று பாருங்கள். கைப்பிடியைத் தொட்டதும் அச்சம் எழுகிறது. கழுவியதும் தணிகிறது. அந்தத் தணிவுதான் தூண்டில். கழுவியதால்தான் தப்பித்தோம் என்று மூளை பாடம் படிக்கிறது. அடுத்த முறை இன்னும் விரைவாகக் கழுவச் சொல்கிறது. கழுவாமல் இருந்து பார்த்தால்தான், அந்த அச்சம் தாங்கக்கூடியது என்பதையும் அஞ்சியது நடக்கவில்லை என்பதையும் நோயாளியே அனுபவத்தில் கற்க முடியும். முதல் இரண்டு சந்திப்புகளில் கேட்ட கேள்விகள் வீண் அல்ல. யேல்-பிரவுன் அளவுகோல் என்று ஒன்று உண்டு, மொத்தம் 40 புள்ளிகள். நோயின் கடுமையை அதில் குறித்துக்கொள்கிறோம். பிறகு நோயாளியோடு சேர்ந்து, அச்சமூட்டுபவற்றை 0 முதல் 100 வரை மதிப்பிட்டு ஓர் ஏணி அமைக்கிறோம். செருப்பைத் தொடுவது 35 என்றால் பேருந்துக் கம்பி 60 ஆக இருக்கலாம். பொதுக் கழிப்பறைத் தாழ்ப்பாள் 90 ஆகலாம். கீழ்ப்படியிலிருந்து மேலே போகிறோம், நோயாளியின் சம்மதத்தோடு மட்டும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: தங்கைக்கு அந்த ஏணி விளக்கப்பட்டதா, கைப்பிடி அதில் எந்தப் படி, அவர் சம்மதித்தாரா? சம்மதமின்றிச் செய்திருந்தால் அது தவறு. சம்மதித்துச் செய்திருந்தால், அவருடைய நடுக்கம் இந்தச் சிகிச்சையில் எதிர்பார்க்கக்கூடியதுதான்.

தங்கை தனியாகப் பேசியதை உளவியலாளர் உங்களிடம் சொல்ல மறுத்தது சரியே. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு அவருக்கு அந்தக் கடமையை விதிக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களே விதிவிலக்கு. தங்கை 24 வயதுப் பெண் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மாத்திரை பற்றிய எந்த மாற்றத்தையும் மனநல மருத்துவரிடமே கேளுங்கள். மருந்து எழுதும் அதிகாரம் எங்களுக்கு இல்லை.

மறுமொழி 2: கொங்கு வாசகர், ஈரோடு

நான் இந்த நோயோடு பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தவன் என்பதால் எழுதுகிறேன். எனக்குக் கழுவுவது அல்ல, சரிபார்ப்பது. எரிவாயு அடுப்பின் குமிழை இரவில் நாற்பது முறையாவது தொட்டுப் பார்ப்பேன். முதலில் நான் சென்றது சில வாரச் சான்றிதழ் வகுப்பு மட்டும் முடித்திருந்த ஓர் ஆலோசகரிடம். அவர் அன்பானவர், ஆனால் ஒவ்வொரு முறையும் “அடுப்பு அணைந்துதான் இருக்கும், கவலைப்படாதீர்கள்” என்று உறுதி சொல்லி அனுப்பினார். அந்த உறுதியே எனக்கு இன்னொரு சடங்காகிவிட்டது. இரவில் அவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கினேன். ஓராண்டு அப்படிப் போயிற்று.

பிறகு கிடைத்த மருத்துவ உளவியலாளர் உறுதியே சொல்லவில்லை. குமிழை ஒருமுறை மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு நடந்து, “ஒருவேளை திறந்திருக்கலாம்” என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். முதல் இரவு சட்டை நனையும் அளவுக்கு வியர்த்தது. பல வாரங்களுக்குப் பிறகுதான் ஒருமுறை மூடுவதோடு நிறுத்த முடிந்தது. இன்றும் களைப்பான நாள்களில் கை குமிழை நோக்கிப் போகத்தான் செய்கிறது. தங்கையிடம், அந்த ஒரு மணி நேரம் முடிந்தபோது எப்படி இருந்தது என்று மட்டும் கேளுங்கள்.

மறுமொழி 3: காவிரித்தாய், திருச்சி

தம்பி, உங்கள் அம்மாவுக்காக இதை எழுதுகிறேன். என் மகனுக்கு இதே நோய் வந்தபோது, சுத்தம் பார்ப்பது நம் வீட்டு வழக்கம்தானே, இதில் என்ன நோய் என்று நினைத்தேன். துக்க வீட்டுக்குப் போய்வந்தால் நாமும் தலைமுழுகத்தான் செய்கிறோம். ஆனால் நம் வழக்கம் ஒரு குளியலோடு முடிந்துவிடும். நோய்க்கு முடிவு கிடையாது. இந்த வேறுபாட்டை எங்கள் உளவியலாளர் விளக்கியபோதுதான் எனக்குக் கண் திறந்தது.

“சுத்தமாயிற்று” என்று நான் சொன்ன ஒவ்வொரு பதிலும் அவனுக்கு இன்னொரு வாளித் தண்ணீர்போல இருந்திருக்கிறது. பதில் சொல்வதை ஒரே நாளில் நிறுத்தவில்லை. அவனும் நானும் உளவியலாளர் முன்னிலையில் உட்கார்ந்து பேசி, அவன் கேட்டால் “இதற்குப் பதில் சொல்வதில்லை என்று நாம் ஒப்புக்கொண்டோமே கண்ணா” என்று சொல்வதாக முடிவெடுத்தோம். அதைச் சொல்லிவிட்டு அவன் அருகிலேயே இருப்பேன். கோபத்தோடு சொன்னால் பலிக்காது. குடும்பத்தாருக்கென்று ஒரு சந்திப்பு வேண்டும் என்று கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்: பொருநைக்கரை

மூவருக்கும் நன்றி. தங்கையிடம் நேற்று கேட்டேன். ஏணியைத் தன் கையாலேயே எழுதியதாகச் சொல்லி, நான்காக மடித்த தாளைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். கைப்பிடி 40. சம்மதித்துத்தான் தொட்டிருக்கிறாள், அம்மா எழுந்து போனதுதான் அன்று அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்திருக்கிறது. பதிவையும் இணையதளத்தில் பார்த்துவிட்டேன், மருத்துவ உளவியலாளர் பிரிவில்தான் இருக்கிறது. அம்மா இதையெல்லாம் வாசித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. வியாழக்கிழமை சந்திப்புக்குத் தானும் வருவதாக இன்று காலையில் சொன்னார்.