பதினெட்டுக்குக் கீழே: பையன்கள் எந்த செக்‌ஷனில் வருகிறார்கள்?

வைகைக்கரை வக்கீல்:

சிறார் குற்றம் பெருகிவிட்டது என்று யாராவது சொன்னால், எந்தக் குற்றம் என்றுதான் முதலில் கேட்பேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2016இல் நாடு முழுக்கச் சிறார் மீது 35,849 வழக்குகள். 2022இல் 30,555. மொத்தம் இறங்கியிருக்கிறது. நான் போகிற இளைஞர் நீதிக் குழுமத்தில் (சிறார் வழக்குகளை விசாரிக்கும் அமைப்பு) மாறியிருப்பது வழக்கின் வகை. முன்பெல்லாம் வாய்தாவுக்கு வரும் பையன்களில் முக்கால்வாசிப் பேர் சைக்கிள், செம்புக் கம்பி, ஓட்டிப் பார்க்க எடுத்த பைக் என்று வருவார்கள். இப்போது வழிப்பறி, கொலை முயற்சி என்று வருகிறார்கள்.

ஐ.பி.சி. என்ற பழைய இந்திய தண்டனைச் சட்டம் இருந்த காலத்து வழக்கு ஒன்று. இரண்டு பையன்கள், இருவருக்கும் பதினாறு தாண்டிவிட்டது. ஒருவன் பைக் ஓட்ட, பின்னால் இருந்தவன் பழம் நறுக்கும் கத்தியைக் காட்டிச் செல்போனைப் பிடுங்கினான். வழிப்பறிக்கான 392ஆம் பிரிவு மட்டும் என்றால் பத்து வருஷம் வரை தண்டனை உண்டு, குறைந்தபட்சம் கிடையாது. கத்திக்காக 397 சேர்த்தால் குறைந்தது ஏழு வருஷம். அந்த ஏழு வந்துவிட்டால் 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி கொடிய குற்றம். அப்புறம் அவனைப் பெரியவனைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் மதிப்பீடு செய்ய வேண்டும். எஃப்.ஐ.ஆரில் இருவர் மீதும் 397 இருந்தது. ஆயுதத்தைப் பயன்படுத்தியவனுக்குத்தான் அந்தப் பிரிவு. ஓட்டியவன் கையில் ஹேண்டில்பார்தான் இருந்தது. அதை வாதாடி முடிப்பதற்குள் அவனுக்கு அரையாண்டுத் தேர்வு போய்விட்டது.

இன்னொன்று. ஒரே வழக்கில் பல பிரிவுகள் இருந்தால், தண்டனை அதிகமுள்ள பிரிவில் மட்டும்தான் குற்ற ஆவணக் காப்பகம் அதை எண்ணும். அதனால் அட்டவணையைப் படிக்கும்போது ஸ்டேஷனில் எழுதியவரின் பேனாவையும் சேர்த்துத்தான் படிக்கிறோம்.

உங்களிடம் வந்த பிள்ளைகள் எந்த வகையில் வந்தார்கள்? பெயர், ஊர் வேண்டாம்.

ரிட்டயர்டு எஸ்.எஸ்.ஐ.:

வக்கீல் சார் சொல்வது பாதி சரி. ஸ்டேஷனில் குழந்தைகள் நல அலுவலர் பொறுப்பையும் பார்த்தவன் நான். போனைப் பறிகொடுத்த ஆள் கையில் தையலோடு வந்து, கத்தியால் கீறினான் என்று எழுதிக் கொடுத்தால், அதை விட்டுவிட்டு எப்படி எழுதுவது?

பலருக்குத் தெரியாத ஒன்று. 2016 மாதிரி விதிகளின்படி கொடிய குற்றம், பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றம் இவற்றுக்குத்தான் எஃப்.ஐ.ஆர். மற்றதைப் பொது நாட்குறிப்பில் எழுதி, சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பினால் போதும். இதை ஒழுங்காகச் செய்கிற ஸ்டேஷனில் கோழி திருடியவன் எஃப்.ஐ.ஆர். கணக்கில் வரவே மாட்டான். மிஞ்சுகிறவன் எல்லாம் பெரிய வழக்குக்காரனாகத்தான் தெரிவான்.

அதற்காக ஆயுதம் கூடவில்லை என்று சொல்ல மாட்டேன். அரிவாளோடு ரீல்ஸ் போட்ட ஒருவனைப் பிடித்து வந்தோம். விசாரித்தால், அரிவாள் இளநீர்க் கடையில் இரவல் வாங்கியது. கடைக்காரர் மறுநாள் காலையிலேயே, "சார், வியாபாரம் கெடுது, அதைக் கொடுத்துடுங்க" என்று வந்து நின்றார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்த வீடியோவுக்குக் கீழே எதிர்த் தெருப் பையன்கள் எழுதியிருந்ததைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை.

நெல்லை டீச்சர்:

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வீடு புகுந்து மாணவனையும் தங்கையையும் வெட்டினார்களே, பிடிபட்டவர்களும் பள்ளிப் பிள்ளைகள்தான். கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டக் கூடாது என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. எங்கள் பள்ளியில் கயிறு போய், சட்டைக்குள் கலர் பனியன் வந்தது.

முன்பெல்லாம் பஸ்ஸில் அடித்துக்கொண்டால் தலைமையாசிரியர் இரண்டு அப்பாக்களையும் கூப்பிட்டுப் பேசி அனுப்பிவிடுவார். இப்போது நேரே ஸ்டேஷன், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அந்தக் காலம் நன்றாக இருந்தது என்று சக ஆசிரியர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பேச்சுவார்த்தைகளில் எப்போதும் ஒரே தரப்பு அப்பாதான் கை கட்டி நின்றார். அடிதடி வழக்கு கூடினால், அதில் ஒரு பங்கு அந்த அப்பாக்கள் புகார் கொடுக்கத் துணிந்ததால் கூடியது.

கொங்கு கவுன்சிலர்:

என்னிடம் வருவது காதல் வழக்கு. பதினேழு வயதுப் பையன், பதினாறு முடிந்த பெண். திருப்பூருக்கு ஓடிப் போய் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, முதல் வாரச் சம்பளம் வாங்குவதற்குள் பெண்ணின் அப்பா வந்துவிட்டார். போக்சோ. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனை பத்து வருஷம், அதனால் இவனும் கொடிய குற்றம்தான். சின்னக் குழந்தையிடம் அத்துமீறியவனும் இவனும் ஒரே கட்டத்துக்குள் ஓர் எண்ணாகிவிடுகிறார்கள். இருவருக்கும் ஒரே கவுன்சலிங் படிவம் வேறு. இவனிடம் "ஏன் செய்தாய்?" என்று கேட்டால், "அவங்க வீட்ல வேற இடத்துல பேசி முடிச்சிட்டாங்க மேடம்" என்கிறான்.

காதல் வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழக டி.ஜி.பி. சுற்றறிக்கை அனுப்பினார். அதன் பிறகு எங்களிடம் இப்படி வருவது குறைந்திருக்கிறது. காதல் குறைந்ததாகத் தெரியவில்லை.

புது உறுப்பினர்:

வக்கீல் அண்ணா, என் தம்பி பதினாறு வயதில் பைக் திருட்டில் மாட்டினான். குழுமம் அறிவுரை சொல்லி விட்டுவிட்டது. இப்போது வேலைக்கு எழுதப் போகிறான். பயமாக இருக்கிறது.

வைகைக்கரை வக்கீல்:

திருட்டு மட்டும்தானே, வேறு பிரிவு சேர்க்கவில்லையே? அப்படியென்றால் பயம் வேண்டாம்மா. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி இந்த வழக்கால் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவுகளையும் அழிக்க வேண்டும். பதினாறு தாண்டி, குழந்தைகள் நீதிமன்றம் பெரியவனாக விசாரித்துக் குற்றவாளி என்று சொன்னவர்களுக்குத்தான் இது கிடையாது. எதற்கும் குழுமத்தின் இறுதி உத்தரவுக்குச் சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போடுங்கள். விண்ணப்பத்தில் வழக்கு பற்றிய கேள்வி இருந்தால், அதை நிரப்புவதற்கு முன் எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.