பிளாக்பெரி வைன் பாதியில் நின்றுவிட்டது: மறுபடி ஈஸ்ட் சேர்க்கலாமா?

தேம்ஸ்கரை:
லண்டன் புறநகரில் வசிக்கிறேன். செப்டம்பர் தொடக்கத்தில் கால்வாயோரப் புதர்களில் பறித்த 2 கிலோ பிளாக்பெரியைக் கொண்டு முதன்முறையாக வைன் செய்யத் தொடங்கினேன். பழத்தை நசுக்கி, 1.2 கிலோ சர்க்கரையும் கொதித்து ஆறிய நீரும் சேர்த்து, ரொட்டிக்கென வீட்டில் இருந்த உலர் ஈஸ்ட்டில் ஒரு தேக்கரண்டி தூவினேன். வாளியில் சில நாள் நுரைத்த பிறகு வடிகட்டி, 4.5 லிட்டர் டெமிஜானில் (குறுகிய கழுத்துள்ள பெரிய குடுவை) ஊற்றி, வாயுவை வெளியேவிட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக் பொருத்தினேன். அக்டோபர் பிறந்ததும் குமிழிகள் குறையத் தொடங்கி, இப்போது அடியோடு நின்றுவிட்டன. அடியில் விரற்கடை கனத்துக்குச் சாம்பல் நிற வண்டல் படிந்திருக்கிறது. மேலே உள்ள வைனோ பாகுபோல் தித்திக்கிறது. இன்னொரு தேக்கரண்டி ஈஸ்ட் போட்டால் சரியாகிவிடுமா, அல்லது இப்படியே புட்டியில் அடைத்துவிடலாமா?

குமிழி:
அக்டோபரில் வீட்டில் ஹீட்டர் போடாவிட்டால் அறை 15 டிகிரிக்கு இறங்கிவிடும். ஈஸ்ட் சோர்ந்து அடியில் படுத்துவிடும். 20 முதல் 22 டிகிரி உள்ள இடத்துக்குக் குடுவையை மாற்றி, வண்டல் மேலெழும்படி மெதுவாகச் சுழற்றிவிட்டு, ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

நொதியன்:
குமிழி சொல்வதைச் செய்யுங்கள். ஆனால் அதற்கு முன் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்கி அளந்துவிடுங்கள். நீரோடு ஒப்பிட்டு அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவி அது; நீருக்கு 1.000, சர்க்கரை கூடக் கூட அளவும் கூடும். ஏர்லாக்கில் குமிழி வராததை வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது. ரப்பர் அடைப்பானில் சிறு கசிவு இருந்தாலும் வாயு அந்த வழியே போய்விடும். அளக்கும்போது கருவியை விரலால் ஒருமுறை சுழற்றிவிடுங்கள். தண்டில் ஒட்டியிருக்கும் வாயுக் குமிழிகள் அதைத் தூக்கிப் பிடித்தால் அளவு கூடுதலாகத் தெரியும். புட்டியில் மட்டும் இப்போது அடைக்காதீர்கள். இவ்வளவு சர்க்கரை மிச்சமிருக்க, வெயில் காலத்தில் ஈஸ்ட் மறுபடி விழித்துக்கொண்டால் கண்ணாடி வெடிக்கும்.

தேம்ஸ்கரை:
ஹீட்டர் உள்ள அறைக்கு மாற்றி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. மாற்றிய அன்றும் இன்றும் அளவு 1.034; சற்றும் இறங்கவில்லை. தொடக்கத்தில் அளக்கவில்லை என்பதால் எவ்வளவு நொதித்திருக்கிறது என்று தெரியவில்லை.

நொதியன்:
நீங்கள் கொடுத்த அளவுகளிலிருந்தே தோராயமாகக் கணக்கிடலாம். 4.5 லிட்டரில் 1.2 கிலோ சர்க்கரை என்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 267 கிராம். பழத்தின் சொந்தச் சர்க்கரையையும் கூட்டினால் தொடக்க அளவு 1.110 அருகே இருந்திருக்கும். அதிலிருந்து 1.034-ஐக் கழித்து 131-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 10 சதவீத ஆல்கஹால் வருகிறது. ரொட்டி ஈஸ்ட் பொதுவாக 8 முதல் 10 சதவீதத்திலேயே தளர்ந்துவிடும். ஆகவே குளிர் ஓரளவு காரணமாக இருந்தாலும், உங்கள் ஈஸ்ட் தன் எல்லையை எட்டிவிட்டது என்பதே என் கணிப்பு. அதே ஈஸ்ட்டை இன்னும் தூவுவதால் பயனில்லை. போதாக்குறைக்கு, தண்ணீர் கலந்து செய்யும் பழ வைனில் ஈஸ்ட்டுக்கு வேண்டிய நைட்ரஜன் சத்தும் குறைவு.

இவ்வளவு ஆல்கஹாலைத் தாங்கக்கூடியது லால்வின் இசி-1118 போன்ற வைன் ஈஸ்ட். 18 சதவீதம் வரை ஈடுகொடுக்கும். ஆனால் உலர்ந்த ஈஸ்ட்டை நேரே 10 சதவீத ஆல்கஹாலில் கொட்டினால் பெரும்பகுதி மடிந்துவிடும். ஒரு பொட்டலத்தை 50 மில்லி வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, வைனும் நீரும் சம அளவில் கலந்த 200 மில்லியில் சிறிது சர்க்கரையும் ஈஸ்ட் சத்துப்பொடியும் சேர்த்து அதில் விடுங்கள். நன்றாக நுரைத்த பிறகு அதே அளவு வைனைச் சேருங்கள். மீண்டும் நுரைத்ததும் இன்னொரு மடங்கு. இப்படிப் படிப்படியாகப் பழக்கி, ஒரு லிட்டர் அளவுக்கு வந்த பின்னரே டெமிஜானில் ஊற்றுங்கள். சத்துப்பொடியைக் குடுவையில் நேரடியாகப் போடாதீர்கள். ஆல்கஹால் மிகுந்த நிலையில் ஈஸ்ட் அதை உறிஞ்சாது.

இனிப்பு வைனே போதும் என்றால் வேறு வழியும் உண்டு. நன்றாகத் தெளியவைத்து, வண்டலை விட்டு மேல் வைனை மட்டும் வேறு குடுவைக்கு மாற்றி, கேம்ப்டன் மாத்திரையும் (சல்பைட் பாதுகாப்பான்) பொட்டாசியம் சார்பேட் என்ற பாதுகாப்பானும் சேர்த்தே வையுங்கள். சார்பேட் ஈஸ்ட்டைக் கொல்லாது, பெருகாமல் தடுக்கும், அவ்வளவுதான். கலங்கலான வைனில் அதைப் போடுவது வீண்.

பொருநை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஊரில் கள்ளச்சாராயச் சாவுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் மெத்தனால் என்ற பெயர் அடிபடுகிறது. வீட்டு வைனில் அந்த அபாயம் இல்லையா?

நொதியன்:
பழத்தின் பெக்டின் என்ற பசைப்பொருளிலிருந்து மெத்தனால் சிறிதளவு உண்டாவது உண்மைதான்; கடையில் விற்கும் வைனிலும் அது உண்டு, நஞ்சாகும் அளவில் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் உயிர்களைப் பறித்தது சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால். நொதித்ததைக் காய்ச்சி வடிப்பது வேறு தொழில். உரிமமின்றி அதைச் செய்வது பிரிட்டனிலும் குற்றம். இங்கே சொந்தப் பயனுக்கு வைன் செய்யத் தடையில்லை, விற்கக் கூடாது. தமிழ்நாட்டிலோ 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி வீட்டில் வைன் செய்வதே குற்றம். ஊரில் இருந்தால் முயல வேண்டாம்.

தேம்ஸ்கரை:
இசி-1118-ஐப் பழக்கிச் சேர்த்துவிட்டேன். அளவு 1.012-க்கு இறங்கியிருக்கிறது, ஏர்லாக்கிலும் சத்தம் கேட்கிறது. எப்போது வேறு குடுவைக்கு மாற்றலாம்?

நொதியன்:
1.000 அல்லது அதற்குக் கீழே வந்து, ஒரு வார இடைவெளியில் இருமுறை அளந்தும் மாறாமல் இருந்தால் மாற்றுங்கள். அதற்குள் அடிக்கடி திறக்க வேண்டாம். காற்றுப் பட்டால் புளித்துக் காடியாகிவிடும். புதுக் குடுவையைக் கழுத்துவரை நிரப்பி, ஏர்லாக்கை மறுபடி பொருத்திவிடுங்கள்.