புதுப்பிப்பு: ராத்திரி இரண்டு மணி ஜெபம்

மூன்று மாதத்துக்கு முன் இங்கே புலம்பியிருந்தேன்: பக்கவாதம் வந்த மனைவியைக் கவனித்துக்கொள்கிறேன், ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம்தான் வருகிறது என்று. "தூங்குங்கள் தம்பி, கர்த்தர் கோபிக்க மாட்டார்" என்று ஓர் அக்கா பதில் எழுதினார். அதுதான் முதலில் தெம்பு தந்தது.

படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இப்போது அதுவே என் ஜெபவேளை. 121ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்வேன். காக்கிறவர் உறங்குவதில்லை என்ற இடம் வரும்போது இடது கையால் என் விரலை அழுத்துவாள். பேச்சு இன்னும் திரும்பவில்லை. சில இரவுகளில் எரிச்சலோடுதான் சொல்கிறேன், அதையும் மறைக்கவில்லை.

அப்போது இங்கே நீங்கள் சொன்ன, வீட்டில் நோயாளியைக் கவனிப்போருக்கான மாத மானியத்துக்கும் ஏஐசியில் (சிங்கப்பூரின் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு) விண்ணப்பித்தேன். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது போன்ற 6 அன்றாடக் காரியங்களில் குறைந்தது 3க்கு எப்போதும் துணை தேவைப்பட வேண்டுமாம். அவளுக்கு ஐந்து. சரி, கிடைத்துவிட்டது.

அப்புறம், போதகர் மாதம் ஒருமுறை அங் மோ கியோவில் உள்ள எங்கள் வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுக்கிறார். அப்பத்துணுக்கைத் திராட்சரசத்தில் ஊறவைத்துத்தான் தருவோம். போன வாரம் இருமல் இல்லாமல் விழுங்கினாள்.