சாலிட்வொர்க்ஸ் சீட் 4, ஆட்கள் 6: பிடிஎம்முக்கு எந்த லைசென்ஸ், எத்தனை?

பைன்டவுன்_ஃபேப்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பைன்டவுனில் ஸ்டெயின்லெஸ் டேங்க், கன்வேயர் செய்கிற பட்டறை எங்களுடையது. வரைகிறவர்கள் 4 பேர், கொள்முதலுக்கு ஒருவர், ஃபோர்மன் ஒருவர். சாலிட்வொர்க்ஸ் (3டி வரைவு மென்பொருள்) புரொஃபஷனல் 2, ஸ்டாண்டர்ட் 2; எல்லாமே நிரந்தர லைசென்ஸ், வருடச் சந்தாவும் கட்டியிருக்கிறோம். கோப்புகள் நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் எல்லோரும் பகிரும் வட்டு) கிடக்கின்றன. சுமார் 30,000 கோப்பு, 180 ஜிபி. ஒரே பெயரில் இரண்டு ஃபிளேஞ்ச் இருந்து, தப்பானது லேசருக்குப் போய் 12 தகடு வீணாகிவிட்டது. பிடிஎம் (வரைவுக் கோப்புகளையும் அவற்றின் பதிப்புகளையும் நிர்வகிக்கும் மென்பொருள்) புரொஃபஷனல் 6 லைசென்ஸ் வாங்குங்கள் என்று விலை வந்திருக்கிறது. அதன் சிறிய வகையான பிடிஎம் ஸ்டாண்டர்ட் 10 ஜிபிக்கு மேல் தாங்காதாம். உண்மையா?

சாட்ஸ்வர்த்_கேட்:
பாதி உண்மை. 10 ஜிபி என்பது பிடிஎம் ஸ்டாண்டர்ட் பயன்படுத்தும் இலவசத் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸின் தரவுத்தள வரம்பு (2022 பதிப்பு வரை). உங்கள் பார்ட், அசெம்பிளி எதுவும் அந்தத் தரவுத்தளத்துக்குள் போகாது. பெயர், பதிப்பு, யார் எப்போது செக்-இன் செய்தார் (திருத்திய கோப்பைத் திரும்ப வைத்தார்), டேட்டா கார்டில் (கோப்பின் விவரப் படிவத்தில்) என்ன எழுதினார் என்ற விவரம்தான் அங்கே போகும். கோப்புகள் ஆர்க்கைவ் அடைவில் தனியாக உட்காரும். அதற்கு வட்டின் அளவே வரம்பு. 30,000 கோப்புக்கு எக்ஸ்பிரஸ் தாராளம். உண்மையில் வீங்குவது ஆர்க்கைவ்தான். ஒவ்வொரு செக்-இன்னுக்கும் முழுக் கோப்பும் மறுபடி சேமிக்கப்படும். 40 எம்பி அசெம்பிளியை 50 தடவை செக்-இன் செய்தால் அதற்கு மட்டும் 2 ஜிபி. 180 ஜிபி இருக்கிற இடத்தில் 1 டிபி வட்டு வையுங்கள்.

அடுத்து, கையில் இருப்பதைப் பாருங்கள். சாலிட்வொர்க்ஸ் புரொஃபஷனல் சீட் ஒவ்வொன்றோடும் பிடிஎம் ஸ்டாண்டர்ட் எடிட்டர் லைசென்ஸ் ஒன்று சேர்ந்தே வருகிறது. அதாவது இரண்டுக்கு ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று. வாடிக்கையாளர் கணக்கில் தேடினால் பிடிஎம் சீரியல் எண் தனியாக இருக்கும். சாலிட்வொர்க்ஸ் ஸ்டாண்டர்ட் சீட்டோடு அது வராது.

இது ஆளுக்கென்று கட்டிவைத்த லைசென்ஸ் இல்லை, மிதக்கும் லைசென்ஸ். லைசென்ஸ் சர்வரில் ஏற்றிவிட்டால், வால்ட்டில் (பிடிஎம்மின் கோப்புக் களஞ்சியத்தில்) நுழைகிறவர் ஒன்றை எடுத்துக்கொள்வார், வெளியேறும்போது திரும்ப வைப்பார். இரண்டு மட்டும் இருந்தால் மூன்றாவது ஆள் வாசலிலேயே நிற்பார். நாலு பேரும் பகல் முழுக்க வரைகிறவர்கள் என்றால் எடிட்டர் இன்னும் 2 வாங்குங்கள். கொள்முதல்காரர் எக்செல், பிடிஎஃப் மட்டும் தொடுவார் என்றால் அவருக்குக் கான்ட்ரிபியூட்டர் 1 போதும், விலையும் குறைவு. ஃபோர்மனுக்கு லைசென்ஸே வேண்டாம். ஒப்புதலான பிடிஎஃப்பை எழுத முடியாத ஓர் அடைவில் போடுங்கள். மாடலைச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால் இ-டிராயிங்ஸ் வியூவர் இலவசம்.

பிடிஎம் புரொஃபஷனல் எப்போது வேண்டும்? ஜோகன்னஸ்பர்க்கில் இன்னொரு கிளை திறந்து இரண்டு இடத்திலும் வால்ட் ஓட வேண்டும், உலாவி வழியாகப் பார்க்க வேண்டும், கணக்கு மென்பொருளோடு நிரல் மூலம் இணைக்க வேண்டும், ஒன்றுக்கு மேல் வொர்க்ஃப்ளோ (ஒப்புதல் படிகளின் வரிசை) வேண்டும். இவற்றில் ஒன்றாவது இருந்தால்தான். பிடிஎம் ஸ்டாண்டர்டில் ஒரே வொர்க்ஃப்ளோ, அதில் 10 நிலை. உங்களுக்கு வரைவு, சரிபார்ப்பு, வெளியீடு, மாற்றத்தில், கைவிட்டது என 5 போதும். ‘வெளியீடு’ நிலையில் யாருக்கும் செக்-அவுட் (திருத்துவதற்கு எடுக்கும்) உரிமை கொடுக்காதீர்கள். அந்த 12 தகட்டைக் காப்பாற்றியிருக்கக்கூடிய இரண்டு அமைப்பில் இது ஒன்று. இன்னொன்று, ஒரே பெயரில் இரண்டு கோப்பை வால்ட் ஏற்காதபடி அமைப்பது. ஒரே பெயருள்ள கோப்பு ஏற்கெனவே திறந்திருந்தால் சாலிட்வொர்க்ஸ் அதையே எடுத்து அசெம்பிளியில் வைத்துவிடும், அது வேறு அடைவில் இருந்தாலும். உங்கள் ஃபிளேஞ்ச் மாறியது பெரும்பாலும் அப்படித்தான்.

பிடிஎம் ஸ்டாண்டர்டிலிருந்து பிடிஎம் புரொஃபஷனலுக்குப் பின்னால் ஏறலாம், இறங்க முடியாது. ஒரே வால்ட்டில் இரண்டு வகை லைசென்ஸும் கலக்காது. ஆகவே சிறியதில் தொடங்குவதில் நஷ்டமில்லை.

டோங்காட்_ஐடி:
அண்ணன் சொன்னதோடு சர்வரையும் கணக்கில் சேருங்கள், விலைப்பட்டியலில் அது வராது. நாஸ் பெட்டியில் எஸ்க்யூஎல் சர்வரும் ஆர்க்கைவ் சர்வரும் ஓடாது. விண்டோஸ் சர்வர் உள்ள தனிக் கணினி வேண்டும். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட் என்றால் ஆளுக்கொரு அணுகல் லைசென்ஸ் வாங்க வேண்டும். கணினியோடு வரும் எசென்ஷியல்ஸ் பதிப்பில் 25 பேர் வரை அது தேவையில்லை. ஃபயர்வாலில் 1433, 3030, 25734, 25735 என்ற போர்ட் நான்கும் திறந்திருக்கட்டும். முதல் நாள் ‘லாகின் ஆகவில்லை’ என்று வரும் அழைப்பில் பெரும்பாலானது இதனால்தான்.

பேக்கப்பில் கவனமாக இருங்கள். ஆர்க்கைவ் அடைவைத் திறந்து பாருங்கள்: 0 முதல் எஃப் வரை 16 அடைவு, அவற்றுக்குள் எண் பெயரில் அடைவுகள், உள்ளே 00000001, 00000002 என்று கோப்புகள். ‘டேங்க் மூடி’ என்ற பெயர் எங்கேயும் தென்படாது, பெயர் தரவுத்தளத்தில்தான் இருக்கிறது. நாஸுக்கு ஆர்க்கைவை மட்டும் நகலெடுத்து நிம்மதியாக இருந்தால், திரும்ப எடுக்கும் நாளில் பெயரில்லாத கோப்புக் குவியல்தான் மிஞ்சும். வால்ட் தரவுத்தளம், கோனிசியோ மாஸ்டர் தரவுத்தளம் (பிடிஎம்மின் பொதுத் தரவுத்தளம்), ஆர்க்கைவ் மூன்றையும் ஒரே இரவில், ஒன்றன்பின் ஒன்றாக எடுக்க வேண்டும். எக்ஸ்பிரஸில் நேர அட்டவணைக்கான ஏஜென்ட் கிடையாது. பேக்கப் கட்டளையை விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு கணினியில் மீட்டுப் பார்த்தால்தான் அது பேக்கப்.

லோட் ஷெடிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) குறைந்துவிட்டது என்று யூபிஎஸ்ஸை விடாதீர்கள். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் தரவுத்தளம் பழுதாகலாம். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிளைச் சர்வரில் செருகி, மின்கலம் 30 சதவீதத்துக்கு வந்ததும் தானாக அணையும்படி அமையுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் பக்கம் பிராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலையே முழுகியது. சர்வரைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். ஒரு நகல் கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும்.

மெரிபேங்க்_ஓபன்:
இலவசமாக வேண்டுமென்றால் சப்வெர்ஷன் என்ற, கோப்புப் பதிப்புகளைக் காக்கும் மென்பொருள் இருக்கிறதே? கோப்பைப் பூட்டும் வசதி அதிலும் உண்டு.

சாட்ஸ்வர்த்_கேட்:
இருக்கிறது தம்பி. அதில் நீட்ஸ்-லாக் என்ற அமைப்பைப் போட்டால் பூட்டு எடுக்காதவருக்குக் கோப்பு படிக்க மட்டுமே கிடைக்கும். ஆனால் எந்த அசெம்பிளிக்குள் எந்தப் பார்ட் என்பது அதற்குத் தெரியாது. ஒரு பார்ட்டின் பெயரை மாற்றினால், அதைப் பயன்படுத்தும் 14 அசெம்பிளியும் அதைத் தேடி நிற்கும். ஒருவர் மட்டும் வரையும் இடத்துக்குச் சரி, நாலு பேருக்கு வேண்டாம்.

பைன்டவுன்_ஃபேப்:
மிக்க நன்றி. 30,000 கோப்பையும் ஒரேயடியாக ஏற்றலாமா?

சாட்ஸ்வர்த்_கேட்:
வேண்டாம். நடக்கிற வேலைகளையும் பொதுப் பார்ட்களையும் மட்டும் ஏற்றுங்கள். பழையது நாஸில் படிக்க மட்டும் இருக்கட்டும், மறு ஆர்டர் வரும்போது ஒவ்வொன்றாக உள்ளே வரட்டும். ஏற்றும் முன் விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் கோப்புகளைப் பெயர்வாரியாகக் குழுவாக்கி, ஒன்றுக்கு மேல் வருவதையெல்லாம் பட்டியலிடுங்கள். எது சரி என்று வரைந்தவரே சொல்ல வேண்டும், இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஏற்றியதும் ‘அப்டேட் ரெஃபரன்ஸஸ்’ ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அசெம்பிளி இன்னும் நாஸில் உள்ள பார்ட்டையே காட்டிக்கொண்டிருக்கும். பிறகு நாஸ் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஒரு பெரிய டேங்க் அசெம்பிளியைத் திறந்து பாருங்கள். ஒரு பார்ட்டும் காணாமல் போகவில்லை என்றால் வெள்ளிக்கிழமை மாலையில் மாறலாம். நால்வரும் ஒரே ஆண்டுப் பதிப்பில் இருக்கிறார்களா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.