செவ்வாய்க்கிழமை வேன்

குழு: பெரியாச்சி பேரப்பிள்ளைகள்

கண்ணன்: அம்மாவின் ஸ்கேன் வந்துவிட்டது. மார்பில் இருந்த புற்றுநோய் மூளைக்கும் போயிருக்கிறது. செவ்வாய் காலை மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். வேன் பார்க்கணும்.

ராஜேஸ்வரி: ஐயோ அக்கா

வசந்தன்: முருகா

செல்வராஜ்: ராஜியோடு தகராறான அந்த 7 பேர்ச் காணியை நினைத்து நினைத்துத்தான் மூளைக்கு ஏறிவிட்டது. அன்றைக்கே சொன்னேன்.

ராஜேஸ்வரி: அண்ணே, இதையும் என் தலையிலா போடுகிறீர்கள்?

வதனி: சித்தப்பா, யோசித்ததால் வரவில்லை. மார்பிலிருந்து இரத்தத்தோடு போன செல்கள் அவை. மூளையில் இருந்தாலும் அது மார்புப் புற்றுநோய்தான். போகிற செல்லெல்லாம் பிழைப்பதும் இல்லை. 1889இலேயே பேஜட் என்ற லண்டன் டாக்டர், புற்றுச் செல் விதை, அது போய்ச் சேரும் இடம் மண் என்று சொன்னார். நம் தேயிலைக் கன்று மாதிரி, மண் ஒத்துவந்தால்தான் பிடிக்கும். மூளையில் அந்த மண் அங்குள்ள செல்கள்தான். நட்சத்திர வடிவில் ஒரு வகை உண்டு, ஆஸ்ட்ரோசைட். வருகிற புற்றுச் செல்களில் பெரும்பாலானதை முதலில் அதுவே கொன்றுவிடும். தப்பித்த கொஞ்சம் அதே ஆஸ்ட்ரோசைட்டோடு ஒட்டிக்கொண்டு, அதன் உதவியிலேயே வளரும்.

வசந்தன்: வதனி, வாய்ஸ் போடு

ராஜேஸ்வரி: காவல்காரனே சோறு போடுகிறானா?

வதனி: ஆமாம் அத்தை. நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேச குளுட்டமேட் என்ற பொருளை விடும். மார்புப் புற்றுச் செல் அந்த இணைப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து அதை எடுத்துக்கொள்கிறது. மெயின் லைனில் கொக்கி போட்டுக் கரண்ட் எடுப்பது போல. 2019இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் எலிகளில் கண்டுபிடித்தது.

கண்ணன்: அப்போ அம்மாவை யோசிக்க விடக்கூடாதா?

வதனி: இல்லை மச்சான். பார்க்க, நடக்க, மூச்சு விட, எல்லாவற்றுக்கும் மூளை அந்தக் குளுட்டமேட்டைத்தான் பயன்படுத்துகிறது. சும்மா படுத்திருந்தாலும் நிற்காது. அத்தையிடம் யாரும் "யோசிக்காதே, அழாதே" என்று சொல்லாதீர்கள். தன்னால்தான் வந்தது என்று நினைத்துவிடுவார். அவர் ஒன்றும் செய்யவில்லை.

வசந்தன்: திருவிழா வசூல் கொப்பி யாரிடம்?

செல்வராஜ்: இப்போதா அது

வசந்தன்: தலைவர் கேட்கிறார் மாமா

ராஜேஸ்வரி: பண்டாரவளையில் ஒரு நாட்டு வைத்தியர் இருக்கிறாராம்

வதனி: அத்தை, கெஞ்சிக் கேட்கிறேன், செவ்வாய் கிளினிக் முடியட்டும். மூளை வீக்கம் குறைய ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது. மூளைக்கு இரத்த வழியில் ஒரு தடுப்பு இருப்பதால் பல மருந்துகள் உள்ளே சரியாகப் போகாது. அதனால் ரேடியேஷன் பற்றிப் பேசுவார்கள். பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்து வையுங்கள்.

கண்ணன்: பழைய பைல் மாமா வீட்டில்

செல்வராஜ்: அலுமாரியில் இருக்கிறது. நானும் வருகிறேன்.

ராஜேஸ்வரி: நான்தான் அக்காவோடு போவேன்

செல்வராஜ்: நீயும் வா. வேனில் இடம் இருக்குமே.

கண்ணன்: ஹட்டனிலிருந்து அதிகாலை 2 மணிக்கே கிளம்பணும். கினிகத்தேனையில் பனி இருக்கும், மெதுவாகத்தான் ஓட்ட முடியும். அம்மாவுக்கு வாந்தி வேறு.

வசந்தன்: முன் சீட்டு அத்தைக்கு

கண்ணன்: அம்மா கேட்கிறார், போனில் "டிங் டிங்" என்று சத்தம் வருகிறதே, யாரும் ஒரு கோல் எடுக்கவில்லையே என்று.

ராஜேஸ்வரி: எடுக்கிறேன்

செல்வராஜ்: பிஸி என்று வருகிறது. ராஜி, நீ பேசிவிட்டு வை.

கண்ணன்: வேன்காரருக்கு என்ன சொல்ல?