அப்பாவின் நுரையீரல் தழும்பு: மரபணுப் பரிசோதனை எங்கே செய்யலாம்?

அப்பாவுக்கு வயது 64, ஊர் திண்டுக்கல். 2021 மே மாதம் கொரோனா வந்து பதினோரு நாள் ஆக்சிஜனில் இருந்தார். பிழைத்து வந்தார், வறட்டு இருமல் மட்டும் விடவில்லை. இப்போது எட்டுப் படி ஏறினால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கிறார். உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் அளவு 95. ஆறு நிமிடம் நடந்தால் 86. விரல் நுனிகள் தடித்து, நகங்கள் கிளிமூக்கு போல வளைந்துவிட்டன.

முதலில் ஆஸ்துமா என்று ஓராண்டு இன்ஹேலர் கொடுத்தார்கள், பயனில்லை. இரண்டு முறை ஸ்டீராய்டு, சர்க்கரைதான் ஏறியது. சென்ற ஆண்டு எடுத்த சிடி ஸ்கேனில் இரு நுரையீரல்களின் அடியிலும் தேன்கூடு போன்ற தழும்பு. இத்தகைய தழும்புக்கு முடக்குவாதம், பறவைத் தூசி, புகை ஆகியவையும் காரணமாகலாம் என்கிறார்கள். முடக்குவாத ரத்தப் பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை. வீட்டில் புறா, கோழி கிடையாது. புகைத்ததும் இல்லை. தழும்பு கூடும் வேகத்தைக் குறைக்கும் பிர்ஃபெனிடோன் மருந்தை ஏழு மாதமாகச் சாப்பிடுகிறார்.

‘எல்லாம் கொரோனா செய்த வேலை’ என்கிறார்கள். எனக்குச் சந்தேகம். பெரியப்பா 2016இலேயே இதே நோயில் இறந்தார். அப்போது கொரோனா ஏது?

தேடிப் படித்ததில் தலை சுற்றியது. டிபிபி9 மரபணு மாறுபாடு தீவிரக் கொரோனா, நுரையீரல் தழும்பு இரண்டுக்குமே ஆபத்தைக் கூட்டுகிறது. எம்யூசி5பி மாறுபாடோ தழும்புக்கு வழிவிடுகிறது, தீவிரக் கொரோனாவிலிருந்து ஓரளவு காக்கிறது! குடும்பத்தில் தொடர்ந்து வந்தால் டெர்ட் போன்ற டெலோமியர் (குரோமோசோம்களின் காப்பு நுனி) மரபணுக்களையும் பார்க்கிறார்கள். பரம்பரை என்றால் எங்களுக்கும் வரலாமே: அண்ணனுக்கு 39, எனக்கு 35.

விசாரித்த இரண்டு ஆய்வகங்களிலும் கையை விரித்துவிட்டார்கள். குடும்பவழி நுரையீரல் தழும்புக்கான மரபணுப் பரிசோதனையை, முறையான மரபணு ஆலோசனையோடு சேர்த்து, தமிழ்நாட்டில் எங்கே செய்கிறார்கள்?